ஈறுகளில் ஒளிந்திருக்கும் வம்ச சரித்திரம்

காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் ஸ்தல விருக்ஷம் மாமரம் என்பதைத் தமிழ் மக்கள் பலரும் அறிவர். அம்மரத்திற்கு நான்கு கிளைகள் என்றும், அவை நான்கு வேதங்களைக் குறிப்பன என்றும், கிளைக்கு ஒரு சுவையாக நான்கு விதக் கனிகள் கிடைத்து வந்தன என்றும் ஐதிகம். ஐதிகத்தை ஆராய நாம் புகவில்லை. மரம் ஒன்று, பெயர் ஒன்று, கனியின் குணமோ கிளைக்குக் கிளை வேறு என்னும் கருத்தை மட்டும் நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நாம் இங்கே எழுதப்போவது மாங்கனியைக் கடிக்க வேண்டிய பல்லையும், அப்பல்லைத் தாங்கி நிற்கும் ஈறையும், அந்த ஈறை அரிக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களையும் பற்றித்தான்.

பல் ஆட்டம் கண்டு விழுவதைப் பற்றிக் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுத் தெருக்களிலாகட்டும், சந்நிதித் தெருக்களிலாகட்டும், இரண்டு விதமான பேச்சுக்களைக் கேட்கலாம். "எங்கள் பாட்டனார் ஒரு நாளும் பல் துலக்கியதில்லை. எண்பது வயதிலும் கரும்பைக் கடித்துத் தின்றார்" என்று பெருமை பேசுவோர் ஒரு சாரார். "எங்கள் குடும்பத்தில் நாற்பது வயதில் பல் போவது வழக்கம். தலையில் எழுதியதை யாரால் மாற்ற முடியும்?" என்று பெருமூச்சு விடுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் வந்து சேரும் இடம் ஒன்றே. முன்னவருக்குப் பல் துலக்குவது அநாவசியம். பின்னவருக்கு அது வியர்த்தம்.

பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு இவ்விரு பேச்சுக்களையும் வெறும் மூட நம்பிக்கை என்று தள்ளிவிட மனம் வரவில்லை. அழுக்கேறிய வாயிலும் பல் உறுதியாக நிற்பவர் உண்டு. இளம் வயதிலேயே பல்லை இழப்பவரும் உண்டு. கண்ணெதிரே நடப்பதை இல்லை என்று சொல்லலாகாது. ஏன் அப்படி நடக்கிறது என்பதே கேள்வி. விடையின் முக்கியமான ஒரு பகுதியைச் சென்ற சில பத்தாண்டுகளில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜவுளி வியாபாரி கண்ட உலகம்

பல்லில் வாழும் உயிர்களை முதன்முதல் கண்டு எழுதியவர் வைத்தியரல்லர், ஜவுளி வியாபாரி. நெசவுக்குப் பேர்போன ஊரில் வாழ்வோருக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியல்லவா? ஹாலந்து தேசத்தில் டெல்ப்ட் என்னும் நகரில் வாழ்ந்த அந்தோனி வான் லேவன்ஹூக் என்பவரே அவர். துணியின் இழையைச் சோதிக்க வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்திருந்த காலம் அது. லேவன்ஹூக் தம் கையாலேயே கண்ணாடிச் சில்லுகளைத் தேய்த்து, மற்றவர் எவரிடமும் இல்லாத சக்தி வாய்ந்த கண்ணாடிகளைச் செய்துகொண்டார். பல்லிடுக்கில் மாவுபோல் வெண்மையாகப் படிந்திருந்ததைச் சுரண்டி, நீரில் கலந்து, அக்கண்ணாடி வழியே நோக்கினார். எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்தியும் சுழன்றும் திரிவதைக் கண்டார். 1683-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ஆம் தேதியிட்ட கடிதத்தில் இதை லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். ஆயுளில் பல் துலக்கியே அறியாத ஒரு கிழவரின் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்து, அங்கே அவ்வுயிர்கள் மொய்த்திருந்ததைக் குறித்து வைத்தார்.

இன்று அவற்றைப் பாக்டீரியா என்கிறோம். மனிதர் வாயில் வாழக்கூடியவை என்று கண்டறியப்பட்ட இனங்கள் எழுநூறு அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை. சில இனங்கள் மட்டும் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள இடுக்கில் பெருகி, வீக்கத்தை உண்டாக்கி, பல்லைப் பற்றியிருக்கும் நாரையும் எலும்பையும் கரையச் செய்கின்றன. நம் பெரியவர்கள் "பயோரியா" என்று சொல்லும் நோய் இதுதான். பல் சொத்தை வலியால் கூச்சலிடும். ஈறு நோயோ பெரும்பாலும் வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் வேலை செய்யும். பல் ஆடும்போதுதான் பலருக்குச் செய்தி தெரியும்.

மலையகத்துத் தமிழரின் வாய்

அழுக்கு ஒன்றே காரணமென்றால், துலக்காத வாய்கள் அனைத்திலும் நோய் ஒரே வேகத்தில் வளர வேண்டும். வளர்கிறதா என்பதை நேரில் பார்த்தறிய உதவியவர்கள் நம்மவர்களே.

19-ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் பிழைக்கச் சென்ற ஏழை மக்களின் சந்ததியாரே இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து வருகிறார்கள். 1970-ஆம் வருஷம் ஹரால்டு லோ என்ற நார்வே தேசத்துப் பல் நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் அத்தோட்டத் தொழிலாளர்களில் 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 1985 வரையில் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தார்கள். பல் வைத்தியம் எட்டிப் பாராத இடம் அது. அம்மக்கள் பற்களைத் துலக்கும் வழக்கமும் இல்லாதவர்கள். எல்லார் பற்களிலும் ஒரே விதமாக அழுக்கும் காரையும் படிந்திருந்தன. ஏறக்குறைய எல்லார் ஈறுகளும் வீங்கியிருந்தன. வேலையும் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்றே.

முடிவோ ஒன்றாக இல்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் காட்டுத் தீப்போல் பரவியது. 81 பேருக்கு நிதானமாக வளர்ந்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றுவிட்டது. பல்லின் பிடிமானம் குலையவில்லை. முதல் வகையினருக்கு 35 வயதுக்குள் பல்லின் பிடிமானம் சராசரியாகச் சுமார் 9 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. இரண்டாம் வகையினருக்குச் சுமார் 4 மில்லிமீட்டர். மூன்றாம் வகையினருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! இந்த முடிவுகள் 1986-ல் வெளியாயின. உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். 2010-ல் அந்த 480 பேரில் 75 பேரை மீண்டும் தேடிக் கண்டு பரிசோதித்தார்கள். ஈறு நோயால் ஒரு பல்லும் போகாதவர் அவர்களில் இருந்தார். 28 பற்களை இழந்தவரும் இருந்தார். சராசரி இழப்பு 13 பற்கள்.

கரும்பு கடித்த பாட்டனாரும் நாற்பதில் பல்லிழந்த குடும்பத்தாரும் கட்டுக்கதை அல்லர் என்பது இதனால் விளங்கும். ஆனால் கரும்பு கடிக்கும் பாக்கியம் பெற்றவர்கள் நூற்றுக்குப் பதினொருவரே என்பதையும் கவனிக்க வேண்டும். மற்ற எண்பத்தொன்பது பேருக்கும் துலக்காத பல் நஷ்டத்தையே தந்தது. விதையும் நிலமும் சேர்ந்தே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. மனித உடல் நிலம், கிருமி விதை. முதலில் விதையைப் பார்ப்போம்.

பெயர் ஒன்று, குணம் வேறு

ஈறு நோய்க்குப் பெயர்போன கிருமி "போர்பைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ்" என்பது. பெயரை நேயர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. "ஈறுக் கிருமி" என்றே அழைப்போம். இதன் உடலமைப்புக்கும் நடத்தைக்கும் வேண்டிய கட்டளைகள் யாவும் மரபணுக்களில் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கின்றன. இக்கிருமியின் ஒரு வகையினுடைய முழு எழுத்து வரிசையும் 2003-ல் வெளியிடப்பட்டது. சுமார் 23 லக்ஷம் எழுத்துக்கள்! பின்னர் வேறு வேறு நோயாளிகளிடம் எடுத்த ஈறுக் கிருமிகளின் வரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஒன்றிலிருந்த மரபணு மற்றொன்றில் இல்லை. இரண்டிலும் உள்ளதோ எழுத்து மாறி இருந்தது. போதாக்குறைக்கு, இக்கிருமிகள் தங்களுக்குள் மரபணுத் துண்டுகளைக் கொடுத்து வாங்கவும் செய்கின்றன. பங்காளிகள் பாத்திரம் இரவல் வாங்குவதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேற்றுமையால் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஈறுக் கிருமியின் மேல் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. நம் ஈறின் அணுக்களைப் பற்றிக்கொள்வதற்கும் அவற்றுக்குள் நுழைவதற்கும் அவை உதவுகின்றன. அம்மயிரிழையைச் செய்யும் மரபணு ஆறு விதங்களில் காணப்படுகிறது. ஜப்பானில் ஒஸாகா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2000-ஆம் வருஷத்தை ஒட்டி, நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஈறு திடமாயிருந்தும் கிருமியைச் சுமந்தவர்களிடம் முதல் விதமே மிகுதியாக இருந்தது. நோய் முற்றியவர்களிடம் இரண்டாம் விதமே மேலோங்கி நின்றது. முன்னரே எலிகளின் தோலுக்கடியில் வெவ்வேறு வகைகளைச் செலுத்திப் பார்த்தவர்களும் இதே மாதிரியான வேற்றுமையைக் கண்டிருந்தார்கள். ஒரு வகை சிறு கட்டியோடு அடங்கியது. மற்றொரு வகை உடலெங்கும் பரவிப் புண்ணாக்கியது.

ஒரே பெயருடைய கிருமி ஒருவர் வாயில் சாதுவாகவும் மற்றொருவர் வாயில் அசுரனாகவும் விளங்குவதற்கு ஒரு காரணம் இங்கே கிடைத்துவிட்டது. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் ஐதிகம் இப்போது நேயர்களுக்கு நினைவு வரலாம்.

நழுவிய அட்டைகள்

இதைவிட வியப்பான மற்றொரு கிருமி இருக்கிறது. அதன் பெயர் "அக்ரிகேடிபாக்டர் ஆக்டினோமைசிடெம்கோமிடன்ஸ்". பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் திடமான பல்லும் சற்று ஆடிப்போகும்! இளம் பிராயத்திலேயே பற்களைக் காவு கொள்ளும் ஈறு நோயோடு தொடர்புடையது இது. நம் உடலைக் காக்கும் வெள்ளை அணுக்களைக் கொல்லும் ஒரு நஞ்சைச் சுரப்பது இதன் சுபாவம். ஆனால் எல்லா வகைகளும் ஒரே அளவில் சுரப்பதில்லை.

தறியைக் கண்டவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும், எது தாழ வேண்டும் என்பதை அட்டையின் துளைகள் தீர்மானிக்கின்றன. ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் இடையே வெற்று உடலை நெய்வதற்குரிய அட்டைகள் சில கழன்று விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். புட்டாவின் உருவம் மாறாது. ஆனால் இடைவெளி போய்விடுமாதலால் புட்டாக்கள் நெருக்கமாக விழுந்துகொண்டே இருக்கும்.

இக்கிருமியின் "ஜே.பி.2" என்னும் வகையில் நேர்ந்தது ஏறக்குறைய இதுதான். நஞ்சைச் செய்யும் மரபணுவுக்கு முன்னால், அதன் சுரப்பைக் கட்டுப்படுத்தும் பகுதியில், 530 எழுத்துக்கள் கழன்றுவிட்டன. நஞ்சு பழைய நஞ்சுதான். சுரக்கும் அளவோ பல மடங்காகப் பெருகிவிட்டது.

மொராக்கோ தேசத்து ரபாட் நகரப் பள்ளிகளில் சுமார் எழுநூறு இளைஞர்களை டென்மார்க்கைச் சேர்ந்த டார்ட்டே ஹௌபெக் என்ற அம்மையாரும் பிறரும் பரிசோதித்து, ஆரம்பத்தில் ஈறு நோய் இல்லாதிருந்தவர்களை இரண்டு வருஷம் கழித்து மீண்டும் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். இக்கிருமியே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இதன் மற்ற வகைகளைச் சுமந்தவர்களுக்கு நோய் தோன்றும் அபாயம் 3 மடங்கு. ஜே.பி.2 வகையை மட்டும் சுமந்தவர்களுக்கோ 18 மடங்கு!

இவ்வகை சுமார் 2,400 வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்காவின் மத்தியதரைக் கடற்கரைப் பிரதேசத்தில் தோன்றியிருக்க வேண்டுமென்று மரபணுக்களை ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, பிறகு அடிமை வாணிபக் கப்பல்களில் அமெரிக்காக் கண்டங்களுக்கும் போய்ச் சேர்ந்ததாம். விலங்கிட்டுக் கொண்டு போகப்பட்ட அம்மக்களின் ஊரையும் குலத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று அவர்களை விற்றவர்கள் நினைக்கவில்லை. அவர்கள் பட்ட பிரயாணத்தின் தடயம் அவர்கள் வாயிலிருந்த கிருமியின் எழுத்துக்களில் நின்றுவிட்டது. வாய்க் கிருமிகள் குடும்பத்தோடு சேர்ந்து யாத்திரை செய்பவை என்பதற்கு இதைவிட உருக்கமான சாக்ஷியம் ஏது?

குடும்பத்தோடு என்று நாம் எழுதியது அலங்காரத்துக்காக அல்ல. பெற்றோர் வாயிலும் பிள்ளை வாயிலும், கணவன் வாயிலும் மனைவி வாயிலும் ஒரே எழுத்து வரிசையுள்ள கிருமி இருப்பதைப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உமிழ்நீரே அதற்கு வாகனம். "எங்கள் வம்சத்தில் பல் சீக்கிரம் போகும்" என்று சொல்பவர் ஓரளவு உண்மையையே சொல்கிறார். ஆனால் வம்சம் என்று அவர் நினைப்பதில் ஒரு பங்கு தம்முடைய இரத்தத்தைச் சேர்ந்தது. மற்றொரு பங்கு தம் வீட்டுக் கிருமிகளின் வம்சமாக இருக்கலாம். முன்னதை மாற்ற முடியாது. பின்னதை அடக்கி வைக்க நிச்சயமாக முடியும்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை

கிருமியின் மேல் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. பொல்லாத வகையைச் சுமந்தும் நோயில்லாமல் இருப்பவர்கள் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது. நிலத்தைக் கெடுப்பவற்றுள் இரண்டை முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது புகையிலை. சுருட்டாகவோ பீடியாகவோ புகைத்தாலும், வெற்றிலையோடு மென்றாலும் அது ஈறுக்குச் சத்துரு. புகைப்பவர்களின் ஈறில் இரத்தம் கசிவது குறைவாக இருக்குமாதலால் நோய் மறைந்தே வளரும். பற்பொடியில்கூடப் புகையிலையைக் கலந்து விற்ற காலம் ஒன்று இருந்தது. இந்திய அரசாங்கம் 1992-ல் அதைத் தடை செய்தது. இரண்டாவது சர்க்கரை வியாதி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் விரைவாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் துஷ்டச் சிநேகிதம் இது. நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்வோர் நிறைந்த ஊர்களில் இதை அலட்சியம் செய்யலாகாது.

வீட்டில் செய்ய வேண்டியது

"எந்த வகைக் கிருமி நம் வாயிலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் சோதித்துப் பார்க்க வேண்டுமா?" என்று நேயர்கள் கேட்கலாம். சாதாரணக் குடும்பத்துக்கு அது அவசியமில்லை. வகை எதுவானாலும் அது குடியிருக்கும் வீடு ஒன்றே. பல்லின் மேல் படியும் அழுக்குப் படலமே அந்த வீடு. மேலே சொன்ன லோ என்பவரே 1965-ல் டென்மார்க்கில் வெளியிட்ட ஒரு சோதனை இதை நன்கு விளக்கும். ஈறு திடமாயிருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. வீக்கத்தோடு நிற்கும் கட்டத்தில் நோயை முற்றிலும் திருப்பிவிடலாம். எலும்பு கரைந்த பிறகோ, மேற்கொண்டு கரையாமல் தடுக்கலாமே தவிர, இழந்ததை முழுவதும் மீட்பது அரிது.

ஆகையால், துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்துவது பெரும் பிசகு. இரத்தம் வருவதே அங்கே அழுக்கு தங்கியிருப்பதன் அடையாளம். மெதுவான தூரிகையால் காலையிலும் இரவு படுக்குமுன்னும், பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் துலக்க வேண்டும். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் நம் முன்னோர் போற்றியது பொருளற்றதன்று. ஆனால் குச்சி கடைவாய்ப் பற்களின் உட்புறத்துக்கு எட்டுவது கடினம். நோய் பதுங்குவது பெரும்பாலும் அங்கேதான். செங்கற்பொடியும் கரியும் பல்லைத் தேய்த்துவிடும், வேண்டாம். கெட்டியாகிவிட்ட காரை எந்தத் தூரிகைக்கும் அசையாது. பல் வைத்தியர்தான் அதை எடுக்க வேண்டும். "காரையை எடுத்தால் பல் ஆடும்" என்ற அச்சம் நம் ஜனங்களிடையே பரவியிருக்கிறது. காரை பல்லுக்கு முட்டுக்கொடுத்து, உள்ளே நடந்த நாசத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. எடுத்தவுடன் உண்மை வெளிப்படுகிறது. அவ்வளவே. அதை மேலும் விட்டுவைத்தால் முட்டும் பல்லும் சேர்ந்தே போகும்.

வீட்டில் ஒருவருக்கு இளம் வயதிலேயே பல் ஆடத் தொடங்கினால், அவரோடு நிறுத்திவிடாமல் அவருடைய சகோதரர்களையும் பிள்ளைகளையும் பல் வைத்தியரிடம் காட்டுவது நலம். மேலே சொன்ன குடும்ப ஒற்றுமையை நினைத்தால் காரணம் விளங்கும். பிள்ளையை முத்தமிடாதே என்று நாம் சொல்லவில்லை. முத்தமிடும் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறோம்.

கடைசியாக ஒன்று. துலக்காத வாயில் என்ன நடக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர்கள் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்கள் தேயிலை உலகத்தின் காலைப் பொழுதுகளை இனிமையாக்கியது. அவர்கள் இழந்த பற்கள் உலகத்தின் பல் வைத்தியத்துக்குப் பாடமாயின. பெயர் தெரியாத அந்த 480 பேரும் நமக்குத் தூரத்து உறவினரே. அவர்களுக்கு எட்டாமற்போன தூரிகையும் வைத்தியரும் இன்று காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுக்கு எட்டக்கூடியவை; அரசாங்க மருத்துவமனைகளின் பல் பிரிவு ஏழைகளுக்கும் திறந்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளாமல் பரம்பரையின் மேல் பழி போட்டுவிட்டுப் பல்லை இழப்போமானால், அவர்களிடம் கற்ற பாடத்தை வீணாக்கியவர்கள் ஆவோம்.